நெசெபர் பழைய ஊர்: இரண்டு ராத்திரி தங்கிப் பார்த்தது

பல்கேரியாவின் கருங்கடல் கரையில் இருக்கிற நெசெபருக்குப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரியாவது பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். காலையில் பஸ்ஸில் வந்து, நாலு படம் எடுத்து, சாயங்காலம் திரும்புகிறவர்கள் பார்ப்பது ஒரு கடைத்தெருவை. அந்தக் கடைகளுக்குப் பின்னால் நிற்கிற ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எனக்கு இது இரண்டாம் நாள்தான் புரிந்தது.

நான் கட்டட வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன். சிமெண்டு மூட்டைக் கணக்கு எழுதுகிற பையனாகச் சேர்ந்து, மேஸ்திரியாகி, கடைசிப் பன்னிரண்டு வருஷம் சைட் சூப்பர்வைசர். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். மகள் பல்கேரியாவின் வர்னா நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். 2025 செப்டம்பரில் அவளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். கல்லூரி தொடங்க ஒரு வாரம் இருந்தது. "அப்பா, உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

வர்னாவிலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. விமானத்தில் நேராக வருகிறவர்களுக்குப் பக்கம் புர்காஸ் விமான நிலையம். அங்கிருந்து பஸ் இருக்கிறது. பழைய ஊர் ஒரு பாறைத் தீபகற்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீளம் 850 மீட்டர், அகலம் 300 மீட்டர், அவ்வளவுதான். கரையிலிருந்து அதற்குப் போக ஒரே ஒரு வழி, சுமார் 400 மீட்டருக்கு ஒடுங்கிய நிலம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை, சாலையோரத்தில் பழைய மரக் காற்றாலை ஒன்று. சீசனில் வெளியூர்க் கார்களை உள்ளே விடுவதில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்துதான் போனோம். தெருவெல்லாம் கல் பாவியது. பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் இடித்து இடித்துத் துள்ளியது. முதுகில் மாட்டுகிற பையாக எடுத்துக்கொண்டு போங்கள்.

வாசலிலேயே கோட்டைச் சுவர். பைசாந்தியப் பேரரசு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசு, 5ஆம் நூற்றாண்டில் கட்டியது. நான் பெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். கல் சில வரி, அதன் மேல் தட்டையான செங்கல் சில வரி, மறுபடி கல். பார்வைக்குப் பட்டை பட்டையாக அழகாக இருக்கிறது, ஆனால் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை அது. கல் எல்லாம் ஒரே உயரத்தில் கிடைக்காது. கட்டக் கட்ட மட்டம் தப்பும். கொஞ்ச உயரத்துக்கு ஒருமுறை செங்கல்லை வைத்து மட்டத்தைச் சரிபண்ணிவிட்டுத்தான் மேலே போக முடியும். செங்கல் வரி சுவரின் தடிமன் முழுக்கப் போனால் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சேர்த்துக் கட்டிப்போடும். செங்கல்லின் தடிமன் நம் செங்கல்லில் பாதிதான் இருக்கும். ஆனால் நடுவில் இருக்கிற சாந்து கிட்டத்தட்ட செங்கல் அளவுக்கே தடிமன். என் சைட்டில் எவனாவது இவ்வளவு சாந்து வைத்தால் பிரித்துக் கட்டச் சொல்லியிருப்பேன். இங்கே ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக நிற்கிறது.

சரி, உள்ளே போனோம். மத்தியானம் பன்னிரண்டரை மணி. உள்ளதைச் சொல்கிறேன், அந்த முதல் இரண்டு மணி நேரம் எனக்கு மனசு விட்டுப்போனது. சில கிலோமீட்டர் தள்ளி சன்னி பீச் என்ற பெரிய கடற்கரை ஓட்டல் பகுதி இருக்கிறது. அங்கே தங்கியிருக்கிறவர்கள் எல்லாரும் பகலில் இந்தச் சின்ன ஊருக்குள் வந்து நிரம்பிவிடுகிறார்கள். ரோஜா சோப்பு, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், போலி பிராண்டு பை, தொப்பி, வறுத்த சோளம். எந்தச் சந்தில் திரும்பினாலும் சட்டை தொங்குகிறது. அதற்கு நடுவில் எண்ணூறு வருஷத்துக் கோவில் ஒன்று பாதி மறைந்து நிற்கிறது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர் இது. கடை வைக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர்களுக்கு அதுதான் சோறு. ஆனால் கோவில் சுவரை ஒட்டித் துணி தொங்கவிடாமல் பத்தடி தள்ளிப் போடலாம்.

அந்த வரிசையில் ஒரு விஷயம் மட்டும் விதிவிலக்கு. சில வயசான அம்மாக்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையால் பின்னிய லேஸ் துணியை மடியிலும் சுவரிலும் விரித்து வைத்திருப்பார்கள். என் மனைவி ஒருவரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பல்கேரியன் தெரியாது. குரோஷா ஊசியை மாற்றி மாற்றி வாங்கி இரண்டு பேரும் கால் மணி நேரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். மேசை விரிப்பு ஒன்று வாங்கினோம். விலை சொன்னபோது பேரம் பேச எங்களுக்கு மனசு வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கசப்பு நடந்தது. மெயின் தெருவில், கடலைப் பார்த்த மாடியுள்ள ஓர் உணவகம், பேர் வேண்டாம். ஐஸ் மேல் மீன் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைக் காட்டினோம். மெனுவில் 9 லெவ் (அப்போதைய பல்கேரியப் பணம்) என்று போட்டிருந்தது. பில் வந்தபோது அந்த மீனுக்கு மட்டும் 61 லெவ். கீழேயே யூரோவிலும் 31 சொச்சம் என்று எழுதியிருந்தது. விசாரித்தால், 9 லெவ் என்பது 100 கிராமுக்கு, உங்கள் மீன் 680 கிராம் என்றார்கள். மகள் மெனுவை வாங்கிப் பார்த்தாள். பொடி எழுத்தில் 100 கிராம் என்று இருக்கத்தான் செய்தது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்பில் போடுவதற்கு முன்னால் எடை போட்டு, இவ்வளவு ஆகும், சரியா என்று கேட்டிருக்க வேண்டும். பல்கேரியாவில் மெனுவில் ஒவ்வொரு உணவுக்குப் பக்கத்திலும் கிராம் கணக்கு போட்டிருக்கும். சாலடுக்குக்கூட 350 கிராம், 400 கிராம் என்று இருக்கும். நல்ல வழக்கம். முழு மீன் கேட்கிறவர்கள் அந்தக் கிராமை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் தங்கின வீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

ஓட்டல் இல்லை, குடும்பம் நடத்துகிற விருந்தினர் வீடு. தீபகற்பத்தின் வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்த சந்தில் இருக்கிறது. மூன்று பேருக்கு ஓர் இரவுக்கு 110 லெவ் கொடுத்தோம். நெசெபரின் பழைய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, எல்லாம் ஒரே அமைப்பு. கீழ்த்தளம் முழுக்கக் கல். அதில் ஜன்னல் அதிகம் இருக்காது. அந்தக் காலத்தில் வலை, பீப்பாய், மீன்பிடிச் சாமான் வைக்கிற இடம். மேல்தளம் முழுக்க மரம், தெருப் பக்கம் இரண்டு மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சந்தின் இரண்டு பக்கமும் இப்படி நீட்டியிருப்பதால் நடுவில் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். மழையில் நனையாமல் நடக்கலாம். இடம் குறைவான ஊரில், கீழே தெருவை விட்டுக்கொடுத்து மேலே அறையைப் பெரிசாக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

நாங்கள் தங்கிய வீட்டின் கீழ்ச்சுவரை நான் சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரடுமுரடான கல்லுக்கு நடுவே கிடைமட்டமாக மரச்சட்டம் பதித்திருக்கிறது. ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று தோள் உயரத்தில். மூலையில் சட்டத்தோடு சட்டம் கோத்திருக்கிறார்கள். கான்கிரீட்டில் நாம் சுவரைச் சுற்றிப் போடுகிற பெல்ட் பீம் மாதிரி. பூமி ஆடினால் கல் தனித்தனியாகப் பிதுங்கி வராமல் இந்த மரம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே போர்த்தியிருக்கிற பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று அரை அங்குலம் ஏறி நிற்கின்றன. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. பெயிண்ட் கிடையாது. வெயிலும் கடல் காற்றும் பட்டுப் பட்டு மரம் சாம்பல் நிறமாகி, ரேகைகள் மட்டும் மேடாக நிற்கின்றன. விரலால் தடவினால் கயிறு மாதிரி இருக்கிறது. ஓர் ஆணித் தலையைச் சுற்றித் துரு வழிந்து கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. அந்தப் பலகையை மட்டும் வீட்டுக்காரர்கள் சமீபத்தில் மாற்றியிருக்கிறார்கள், புதுசு மஞ்சளாகத் தெரிந்தது.

அறை சின்னது, குளியலறை அதைவிடச் சின்னது. நடந்தால் தரைப்பலகை முனகும். ராத்திரி யாராவது எழுந்தால் மற்ற இரண்டு பேரும் முழித்துக்கொள்வோம். ஏசி இருந்தது, தேவைப்படவில்லை. படுக்கை விரிப்பு வெயிலில் காய்ந்த வாசனையோடு இருந்தது. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறை கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். மகள் அவரை "லெல்யா" என்று கூப்பிட்டாள், நம் அத்தை, சித்தி மாதிரி. வெந்நீர் வருமா என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வராது போல என்று நினைத்தேன். மகள் சிரித்தாள். பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. நம்மவர்கள் சரி என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். என் மனைவிக்கு ஒரே நாளில் பழகிவிட்டது.

போய் உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணமும் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தன. கிண்ணத்தில் பாகில் ஊறிய பச்சை அத்திப்பழம், முழுசாக, காம்போடு. பழுக்கும் முன்பே பறித்து, பல தடவை வேகவைத்து, பால் கசப்பைப் போக்கி, அப்புறம் சர்க்கரைப் பாகில் போடுகிறார்களாம். பளபளவென்று கரும்பச்சை. கடித்தால் வெளியே கெட்டி, உள்ளே விதைகள் நறநறவென்று. அதிகத் தித்திப்பு, அதனால்தான் பக்கத்தில் தண்ணீர். ஒன்று சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததும் பயணக் களைப்பு போய்விட்டது. கிளம்பும்போது ஒரு பாட்டில் விலைக்குக் கேட்டோம். கொடுத்தார், காசு வாங்க மறுத்தார். அங்கே இந்தத் தித்திப்புக்கு "ஸ்லாட்கோ" என்று பேர். கடைகளிலும் கிடைக்கிறது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ்கள் கிளம்பிவிடும். கடைக்காரர்கள் சட்டைகளை உள்ளே இழுப்பார்கள். துணி போனதும் அதற்குப் பின்னால் இருந்த சுவர் வெளியே வருகிறது! மத்தியானம் நான் கடந்துபோன இடம்தான், அங்கே ஒரு கோவில் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. கடலோரம் நடந்தோம். கருங்கடலில் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட கிடையாது. உப்பும் பெருங்கடலில் இருப்பதில் பாதி அளவுதான். முகத்தில் பிசுபிசுப்பு இல்லை, வாசனையும் வேறு. பழைய ஊரின் ஒரு பகுதி கடலுக்குள் போய்விட்டது. கோட்டைச் சுவரின் மிச்சங்கள் தண்ணீருக்கடியில் கிடைத்திருக்கின்றன.

அந்த ராத்திரிச் சாப்பாடு மத்தியானக் கசப்பைத் துடைத்துவிட்டது. லெல்யா கைகாட்டிய, ஆறு மேசை உள்ள ஒரு சின்ன இடம். "சாத்சா" என்று கேளுங்கள். விரல் நீள மீன், மாவில் புரட்டி முழுசாகப் பொரித்து, எலுமிச்சையோடு தட்டு நிறையக் கொண்டுவருவார்கள். நெத்திலி வறுவலில் மிளகாய்த்தூளை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி. தலை, முள் எதையும் விடவில்லை நாங்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, மனைவி அசைவம் தொட மாட்டார். அவருக்கும் கஷ்டம் இல்லை. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் நறுக்கி அதன் மேல் வெள்ளைச் சீஸைப் பனி மாதிரித் துருவிப் போட்ட ஷோப்ஸ்கா சாலட். வெள்ளரி, பூண்டு, வால்நட் போட்ட குளிர்ந்த தயிர் சூப், பேர் தராட்டோர். நம் வெள்ளரிப் பச்சடியில் தண்ணீர் விட்ட மாதிரி இருக்கிறது. இரண்டு கிண்ணம் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மற்றவர்கள் தூங்கட்டும் என்று தனியாக இறங்கினேன். தெருவில் பூனைகளும் ரொட்டி இறக்குகிற ஒரு வேனும் மட்டும். ஊர் நடுவில் பழைய மெட்ரோபோலியா, அதாவது பிஷப்பின் தலைமைக் கோவில். 5ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கட்டியது, 9ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியது. 1257இல் வெனிஸ் கப்பல்படை வந்து இங்கிருந்த புனிதப் பொருட்களைக் கொள்ளையடித்துப் போனது. இப்போது கூரை இல்லை. தூண்கள் கல், ஆர்ச் செங்கல், அதற்கு மேல் இன்னொரு வரிசை ஆர்ச். கூரை இல்லாததால் ஆர்ச்சின் உள்வயிறு வெளிச்சத்தில் தெரிகிறது. செங்கல்லை விசிறி மாதிரி நிறுத்தி வைத்த விதத்தை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். உள்ளே நுழையச் சீட்டு கிடையாது, கதவும் கிடையாது. ஒரு மணி நேரம் அங்கே இருந்தேன். ஏழு மணிக்கு ஓர் அம்மா நாயோடு குறுக்கே நடந்து போனார். அவருக்கு அது தினமும் போகிற வழி.

அங்கிருந்து கிறிஸ்து பாந்தோக்ராத்தர் கோவில். 13, 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நெசெபர் என்றாலே எல்லாப் படத்திலும் இருப்பது இதுதான். மத்தியானம் இதன் முன்னால் செல்ஃபிக் கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கல், சிவப்புச் செங்கல், மாறி மாறி. சுவரில் ஜன்னல் இல்லாத இடத்திலும் ஆர்ச் போட்டு உள்ளே செங்கல்லால் மூடியிருக்கிறார்கள். சுவர் வெறிச்சென்று நிற்காது, நிழல் விழும். ஆர்ச்சைச் சுற்றிப் பச்சை மெருகு பூசிய சுட்டமண் வில்லைகள், பொத்தான் தைத்த மாதிரி வரிசையாக. சில இடத்தில் வில்லை விழுந்து குழி மட்டும் இருக்கிறது. பின்பக்கம் போங்கள், அதுதான் முக்கியம். கிழக்குச் சுவரில் செங்கல்லிலேயே ஸ்வஸ்திக் வரிசை ஓடுகிறது. ஒன்றோடொன்று கைகோத்த மாதிரி. ஐரோப்பாவில் இந்தக் குறியைப் பார்த்ததும் சிலர் முகம் மாறும். ஆனால் இது நாஜிகளுக்குப் பல நூறு வருஷம் முந்தியது, பழைய சூரியக் குறி. புதுக்கணக்கு நோட்டில் மஞ்சளால் போடுகிற அதே வடிவம் ஒரு கிறிஸ்தவக் கோவிலின் முதுகில் இருக்கிறது. நான் ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்தேன். ஸ்வஸ்திக்கின் குறுங்கைக்குத் தகுந்த மாதிரி செங்கல்லை உடைத்துப் பொருத்த வேண்டும். அளவு கொஞ்சம் தவறினாலும் வரிசை கோணும். கோணவில்லை.

சாந்தைப் பற்றி ஒன்று. வெள்ளையாக இல்லை, லேசான ரோஜா நிறம். பைசாந்தியக் கொத்தனார்கள் சுண்ணாம்பில் உடைத்த செங்கல் துண்டும் தூளும் கலப்பார்கள். நம் பழைய கட்டடங்களில் சுர்க்கி என்று சொல்வோமே, அதே வித்தை. செங்கல் தூள் சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். கடலோரத்துக்கு அதுதான் சரி. சாந்துக்குள் மிளகு அளவுச் சிவப்புத் துண்டுகள் தெளிவாகத் தெரிகின்றன.

சீட்டு வாங்கிப் போகிற இடங்களில் தவறவிடக் கூடாதது புனித ஸ்தேவான் கோவில். அருங்காட்சியகத்தையும் கோவில்களையும் சேர்த்துப் பார்க்கக் கூட்டுச் சீட்டு உண்டு, தனித்தனியாக வாங்குவதைவிட லாபம். ஸ்தேவான் கோவில் 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம், ஓவியங்கள் பெரும்பாலும் 1599இல் தீட்டியவை. தரையிலிருந்து கூரை வரை உள்ளங்கை அளவு இடம்கூட விடாமல் உருவங்கள், ஆயிரத்துக்கு மேல். திறந்ததும் போங்கள், கூட்டம் சேர்ந்தால் மூச்சு முட்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், அந்தச் சாயம் நாலு நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. 1609இல் எழுந்த புனித இரட்சகர் கோவிலுக்குப் படி இறங்கிப் போக வேண்டும். அது ஒட்டோமான் துருக்கியர் ஆட்சிக் காலம், கிறிஸ்தவக் கோவில் உயரமாக எழும்பக் கூடாது. அதனால் பாதியைத் தரைக்குள் தோண்டிக் கட்டினார்கள். வெளியே பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு. உள்ளே சுவர் முழுக்க ஓவியம்.

வாசலுக்குப் பக்கத்துத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். அந்தப் பகுதியின் பழங்குடிகளான திரேசியர்கள் இருந்த இடத்தில் டோரியக் கிரேக்கர்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் குடியேறி மெசெம்ப்ரியா என்று அழைத்தார்கள். அவர்கள் அச்சடித்த காசில் ஒரு பக்கம் தலைக்கவசம், மறுபக்கம் நாலு ஆரம் உள்ள சக்கரம். 812இல் பல்கேரிய மன்னன் குரும் ஊரைப் பிடித்தது, 1366இல் சவோய் நாட்டுப் பிரபு அமதேயுஸ் சிலுவைப் படையோடு வந்து பிடித்தது, 1453இல் ஒட்டோமான்கள் கைக்குப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். கோட்டைச் சுவரை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் யார் யாரிடமிருந்து அந்தச் சுவர் காத்தது, யாரிடம் தோற்றது என்று மனசில் பதியும்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியா, பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா என்கிற ஷெங்கன் ஏற்பாட்டில் முழுசாகச் சேர்ந்துவிட்டது, ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா. நாங்கள் போனபோது லெவ் புழக்கத்தில் இருந்தது, விலையை இரண்டிலும் எழுதியிருந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் யூரோதான். 1.95583 லெவ் ஒரு யூரோ என்று மாற்று விகிதம். நான் மேலே எழுதியிருப்பதைப் பாதியாக்கிக்கொண்டால் கிட்டத்தட்ட யூரோக் கணக்கு வந்துவிடும். செருப்பு வேண்டாம், ரப்பர் அடி உள்ள ஷூ போடுங்கள். பாவிய கல் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். செப்டம்பர் நடுவில் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது, தெருவிலும் நடக்க முடிந்தது.

சனிக்கிழமை காலை, பஸ்ஸுக்கு முன்னால், மூன்று பேருமாக அலிதுர்கெத்தோஸ் யோவான் கோவிலுக்குப் போனோம். துறைமுகத்துக்கு மேலே பாறை விளிம்பில் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டு. 1913 நிலநடுக்கத்தில் பெரிய சேதம். நெசெபரிலேயே சிறந்த கொத்துவேலை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், பாந்தோக்ராத்தரைவிட. கடலைப் பார்த்த அரைவட்டச் சுவரில் சதுரங்கக் கட்டம், வளைந்து நெளியும் கோடு, சூரியக் கதிர் எல்லாம் கல்லாலும் செங்கல்லாலும் மட்டும் வருகின்றன. வெயில் கிழக்கிலிருந்து நேராக விழுந்தபோது ஒவ்வொரு மூட்டும் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது.

அலிதுர்கெத்தோஸ் என்றால் கிரேக்கத்தில் வழிபாடு நடக்காதது என்று அர்த்தம். கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு கொத்தனார் மேலேயிருந்து விழுந்து செத்துப்போனாராம். உயிர் போன இடத்தைப் புனிதப்படுத்தக் கூடாது என்று கோவிலைக் கடைசிவரை திறக்கவே இல்லையாம். இது ஊரில் சொல்கிற கதை. மகள் கதையை முடித்ததும் நான் ஒன்றும் பேசவில்லை. என் சைட்டில் நாலாவது மாடிச் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. தொடங்கச் சொன்னது நான்தான்.

மனைவிக்குத் தெரியும். "என்னங்க, அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் உட்காருங்க" என்றார். பாறை ஓரத்துத் திண்டில் உட்கார்ந்து சுவரைக் கிட்டத்தில் நாலு படம் எடுத்து, அன்று என்னோடு இருந்த கொத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கதையையும் குரல் பதிவாகச் சொன்னேன். கீழே மீன்பிடிப் படகு ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பஸ் ஏறும்போது பதில் வந்தது. "அருமையான கட்டு சார். சாரம் எதுல போட்டிருந்தாங்க, சவுக்கா, மூங்கிலா?"